கம்பெனி சர்வீஸ் சென்டரில் காரை விடுவது எப்படி: ஜாப் கார்டு முதல் நுகர்வோர் ஆணையம் வரை முழு வழிகாட்டி

கம்பெனி சர்வீஸ் சென்டரைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கதைதான் வருகிறது. நாலாயிரம் ஆகும் என்றார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு பில் நீட்டினார்கள். சொன்ன கோளாறு அப்படியே இருக்கிறது, சொல்லாத நாலு வேலை நடந்திருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ற வண்டி மறுநாள் மதியம்தான் வந்தது. அட்வைசர் போனை எடுப்பதே இல்லை.

குடும்பத்திலும் நண்பர்கள் வட்டத்திலும் பலருக்காக அந்தக் கவுன்ட்டர் முன்னால் நின்றிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: சத்தம் பில் கட்டும் இடத்தில் கேட்டாலும், காரியம் ஜெயிப்பதும் தோற்பதும் காலையில் ஜாப் கார்டு, அதாவது நம் புகாரையும் செய்யப்போகும் வேலையையும் பதியும் தாள், போடும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். அன்றைக்கு எழுத்தில் ஏறியது மட்டுமே பிறகு நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்தக் கட்டத்துக்குத்தான் அதிக இடம்.

முதலில், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்?

சர்வீஸ் அட்வைசர் மெக்கானிக் இல்லை. உங்களிடம் கேட்டதைக் கணினியில் ஏற்றி, உள்ளே வேலை பார்ப்பவருக்கு அனுப்பி, பில் வசூலித்து வண்டியை ஒப்படைப்பவர். பல டீலர்களிடம் அவருக்கு மாதாந்திர டார்கெட் உண்டு. இத்தனை வண்டி, இவ்வளவு லேபர் வருமானம், இத்தனை கூடுதல் சேவைகள் விற்க வேண்டும் என்று கணக்கு. மாதக் கடைசியில் அந்த நெருக்கடி அதிகம். சனிக்கிழமை, தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்கள் என்றால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முடிந்தால் மாத நடுவில், செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டீலர் வேறு, கார் கம்பெனி வேறு. வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் டீலர் அந்தச் செலவைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி மறுத்தால் நஷ்டம் டீலர் தலையில். வாரண்டி வேலை என்றதும் "கொஞ்சம் ஓட்டிப் பாருங்க சார்" என்று இழுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அட்வைசரைத் திட்டி இதை மாற்ற முடியாது. மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் எதையும் வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

படி 1: வீட்டிலிருந்து கிளம்பும் முன்

காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை என்று ஒன்று இருக்கும். எந்தக் கிலோமீட்டரில் அல்லது எந்த மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் படியுங்கள். 'பார்க்க வேண்டும்' என்று இருக்கும் இடத்தில் 'மாற்றியாச்சு' என்று பில் வருவதுதான் செலவு ஏறும் முதல் வழி. பிரேக் ஆயில் பல கார்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஏர் ஃபில்டர் பல கார்களில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. உங்கள் காருக்கு என்ன என்பதை மேனுவலில் பார்த்து, இந்த முறை உரியதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீ சர்வீஸ் என்றால் பெரும்பாலும் லேபர் மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கோளாறு ஏதாவது இருந்தால் அது வரும் நேரத்தில் வீடியோ எடுங்கள். நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றுவிடுவது எல்லாருக்கும் நடப்பதுதான்.

அப்புறம் போட்டோ. வண்டியின் நாலு பக்கம், கூரை, சக்கர ரிம்கள், ஓடோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டு, பேட்டரி மேல் உள்ள எண், ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நாலு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும். 2223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். அதையும் படம் பிடியுங்கள். டேஷ்கேம் மெமரி கார்டு, பணம், அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வண்டியை விடுங்கள்.

படி 2: ஜாப் கார்டு

இங்கேதான் நிதானம் வேண்டும். பின்னால் பத்து வண்டி நின்றாலும் அவசரப்படாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த அறிகுறியைச் சொல்லுங்கள், நோயின் பெயரை நீங்களே சொல்லாதீர்கள். "சஸ்பென்ஷன் போயிடுச்சு, பாருங்க" என்று சொன்னால், சஸ்பென்ஷன் பாகம் ஒன்றை மாற்றிவிட்டு நீங்கள் கேட்டதைச் செய்ததாக அவர்கள் சொல்லலாம். சத்தம் வேறு எங்கிருந்தோ வந்திருந்தால் பணம் உங்களுடையது. "காலையில் எடுத்த முதல் பத்து நிமிடம், ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக இறங்கும்போது, முன்பக்கம் இடதில் டக் என்று சத்தம்" என்று சொன்னால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர்களிடம் போகிறது.

இப்போது கவனியுங்கள், அவர் கணினியில் என்ன அடிக்கிறார் என்று. நீங்கள் ஐந்து வாக்கியம் சொன்னதை 'நாய்ஸ் செக்', 'ஜெனரல் செக்கப்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். உள்ளே இருக்கும் டெக்னீஷியனுக்குப் போவது அந்த இரண்டு சொல் மட்டும்தான். உங்களை அவர் பார்த்ததே இல்லை. அதனால் ஸ்கிரீனைக் காட்டச் சொல்லி, எப்போது, எங்கே, எந்த வேகத்தில் என்ற விவரம் மூன்றும் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். எழுதிக் கொண்டுபோன தாளின் ஒரு நகலை ஜாப் கார்டோடு பின் அடித்துவிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள்.

சத்தம், இழுவை, அதிர்வு மாதிரியான புகார் என்றால் வண்டியை விடும் முன்பே அட்வைசரையோ டெக்னீஷியனையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். "ஆமாம் சார், கேக்குது" என்று அவர் சொன்ன பிறகு, அதையும் கார்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று கைவிரிக்க வழி இருக்காது.

கையெழுத்துப் போடும் முன் கார்டில் இருக்க வேண்டியவை:

- கிலோமீட்டர், எரிபொருள் அளவு, ஏற்கனவே உள்ள கீறல்கள். இல்லாத கீறலைக் குறித்திருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.
- எஸ்டிமேட் தொகை. 'ஏறக்குறைய' என்றால் அதிகபட்சம் எவ்வளவு என்று.
- ஒப்படைக்கும் தேதி, நேரம்.
- 'உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் கூடுதல் வேலை கூடாது.'
- 'மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்.' வாரண்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குப் போகும், அதைக் கேட்டால் தரமாட்டார்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றியது உங்களுடையது.

கடைசி இரண்டையும் சிஸ்டத்தில் ஏற்ற இடமில்லை என்பார்கள். அச்செடுத்த தாளில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. எழுதியதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், வண்டி உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை, ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151 சொல்கிறது. உள்ளே வண்டியை இடித்துவிட்டு அந்த வரியை மட்டும் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. இடித்தார்களா இல்லையா என்பதை நிரூபிக்கத்தான் காலையில் எடுத்த போட்டோக்கள்.

படி 3: "இதையும் சேர்த்துப் போட்டுடலாமா சார்?"

எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், டெஃப்லான் கோட்டிங், அடிப்பக்கத் துருத் தடுப்பு, எலி விரட்டி ஸ்ப்ரே, எஞ்சின் டிரெஸ்ஸிங், நைட்ரஜன். பட்டியல் நீளமானது. இவற்றில் எதுவும் மேனுவலில் கட்டாயம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், வாரண்டிக்கு ஒரு ஆபத்தும் வராது. எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் துருத் தடுப்பு பயன்படும். ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவது, சீராக இல்லை என்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதில் அர்த்தம் உண்டு. அறிகுறி எதுவும் இல்லாத, சில மாதமே ஆன புது வண்டிக்கு இன்ஜெக்டர் கிளீனிங் எதற்கு? கேளுங்கள்: "என் வண்டியில் என்ன பார்த்து இதைச் சொல்றீங்க?" பதிலில் உங்கள் வண்டியைப் பற்றி ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வேண்டாம் என்றதை எஸ்டிமேட்டிலிருந்து நீக்கிவிட்டார்களா என்று மறுபடி பாருங்கள். முன்கூட்டியே 'பேக்கேஜ்' ஆக ஏற்றி வைத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது.

படி 4: மதியம் வரும் போன்

வண்டியைக் கழற்றிய பிறகு ஒரு போன் வரும். "சார், முன்பக்க பிரேக் பேட் சுத்தமா போயிடுச்சு, இன்னைக்கே மாத்தணும்." ரிஸ்க் என்ற சொல்லும் கூடவே வரும். குடும்பத்தோடு போகிற வண்டி என்பதால் நம் மனம் உடனே சரி என்று சொல்லத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் போனிலேயே சம்மதிக்காமல் நாலு விஷயம் கேளுங்கள்: அளவு என்ன, படம் எங்கே, பாகத்தின் எண்ணும் விலையும் லேபரும் எவ்வளவு, அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா.

அளவு கேட்பதுதான் முக்கியம். புது பிரேக் பேடின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேரம் வேண்டாம். 6 இருக்கிறது என்றால் இன்னும் ஓடும். டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது. பேட்டரி நன்றாக சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். குறைவாக இருந்தாலும் உடனே மாற்றாமல், லோட் டெஸ்ட் (பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்த அச்சைக் கேளுங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். எண் ஒரு சென்ஸாரின் பெயரைச் சொல்வதாலேயே அந்த சென்ஸார் கெட்டுப்போனதாக ஆகாது. ஒயர், கனெக்டர் சோதித்தார்களா என்று கேட்க வேண்டும்.

உதிரிபாகப் பாக்கெட்டின் மேல் அதிகபட்ச விலை அச்சாகியிருக்கும். பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் விலைச் சந்தேகம் தீர்ந்துவிடும். எல்லாம் சரியென்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: 'முன் பிரேக் பேட் மட்டும் மாற்றச் சம்மதம், லேபர் சேர்த்து இவ்வளவுக்கு மேல் வேண்டாம்.'

படி 5: வண்டியை எடுக்கும்போது

வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். ஈரத்தோடு நிற்கும் வண்டியில் இரவு விளக்கில் கீறல் தெரியாது. காலையில் எடுத்த போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மாற்றியதாகச் சொன்ன ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லுங்கள், பழையதைக் கேட்டு வாங்குங்கள். புகார் சொன்ன கோளாறு போய்விட்டதா என்று, பணம் கட்டும் முன், அவர்களில் ஒருவரோடு அதே மாதிரி சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு பில். ஆயில் எத்தனை லிட்டர், எந்த கிரேடு என்று மேனுவலோடு ஒப்பிடுங்கள். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். அதற்கு மேல் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். 'கன்ஸ்யூமபிள்ஸ்' (வேலையின்போது செலவாகும் சில்லறைப் பொருட்கள்) என்று மொத்தமாகப் போட்ட வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். லேபருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம்தான், பழைய 28 இல்லை. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

சம்மதிக்காத வேலைக்குப் பணம் கேட்டால் என்ன செய்வது? பணம் கட்டாமல் வண்டியை எடுத்துப் போக முயலாதீர்கள். உழைப்பு செலுத்திய பொருளை, கூலி வரும்வரை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. வொர்க்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டு ஜாப் கார்டையும் வாட்ஸ்அப்பையும் காட்டுங்கள். பாதி சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையா? பில்லின் இரண்டு நகலிலும் 'இன்ன இன்ன வேலைக்கு நான் சம்மதிக்கவில்லை, எதிர்ப்பைத் தெரிவித்தே பணம் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியே கட்டி, வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

மறுநாள் ஃபீட்பேக் போன் வரும். "பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்" என்று அட்வைசர் முன்பே கெஞ்சியிருப்பார். அந்த மதிப்பெண் கம்பெனிக்குப் போகிறது, டீலருக்கு அது உறைக்கும். வேலை பாக்கி இருந்தால் முடித்துத் தரும்வரை பத்து கொடுக்காதீர்கள். நன்றாகச் செய்திருந்தால் மனதாரக் கொடுங்கள், டெக்னீஷியன் பெயரையும் சொல்லுங்கள்.

படி 6: அதே கோளாறு மறுபடி வந்தால்

வாசலிலேயே ஒருவர் பார்த்து "சரியாயிடுச்சு, போங்க" என்று அனுப்புவதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஜாப் கார்டு வேண்டும், அதில் 'மீண்டும் வந்த புகார், முந்தைய கார்டு எண் இது' என்று ஏற வேண்டும். கார்டு போடாமல் பார்த்த எந்த வேலையும் வண்டியின் வரலாற்றில் இருக்காது. வாரண்டி முடிகிற தேதி நெருங்கினால் இது ரொம்பவே முக்கியம். வாரண்டிக் காலத்தில் பதிவான புகார், முடிந்த பிறகும் உங்கள் பக்கம் பேசும்.

'வாரண்டி கிடையாது' என்றால், எந்த நிபந்தனையின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிரேக் பேட், கிளட்ச் டிஸ்க், வைப்பர் மாதிரி தேயும் பாகங்களுக்குப் பொதுவாக வாரண்டி இல்லை, அதில் வாதாடிப் பயனில்லை. ஆனால் வெளியே ஒருமுறை பங்க்சர் ஒட்டினீர்கள், வெளி மெக்கானிக் தொட்டார் என்பதற்காக எல்லா வாரண்டியும் போய்விட்டது என்று சொன்னால் விடாதீர்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது பிறப்பித்த உத்தரவில், வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றது. அபராதம் தொடர்பாக மேல்முறையீடுகள் நடந்தன என்றாலும் அந்த வாதத்தின் நியாயம் தெளிவு: வெளியே செய்த வேலைதான் இந்தக் கோளாறுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும்.

விபத்து இன்சூரன்ஸ் வேலை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி சேதத்தை மதிப்பிட அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை உங்களுடையது. ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, எஞ்சின் 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சென்னையில் 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்ததுபோல வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்த பிறகு செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவர்களுக்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம்.

படி 7: மேலே கொண்டு போவது

வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அடுத்ததற்குச் சான்று. வொர்க்ஸ் மேனேஜர், டீலரின் பொது மேலாளர், பிறகு கார் கம்பெனியின் கஸ்டமர் கேர். எல்லாம் மின்னஞ்சலில். கம்பெனி கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: தேதி வாரியாக நடந்தது, ஜாப் கார்டு எண்கள், உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். 'நியாயம் வேண்டும்' என்று எழுதினால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. 'கட்டிய 7,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதுங்கள்.

பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, ஆனால் புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். டீலர் அசையாத இடத்தில் கம்பெனி இங்கே அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியவில்லை என்றால் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையம் வழியாகவும் முடியும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வண்டியே உற்பத்திக் குறைபாடு என்று முழு விலையைக் கேட்டால், விலை 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டு நழுவ அப்போது வழி இருக்காது.

உற்பத்திக் குறைபாடு என்று வாதாட உங்கள் வார்த்தை மட்டும் போதாது, நிபுணர் அறிக்கை வேண்டியிருக்கும். ஆணையமே பரிசோதனைக்கு உத்தரவிட முடியும், மனுவிலேயே கேளுங்கள். 'சம்மதிக்காத வேலைக்குப் பணம் வாங்கினார்கள்', 'ஐந்து முறை விட்டும் சரிசெய்யவில்லை' என்ற சேவைக் குறைபாட்டுப் புகாரை நிரூபிப்பது இதைவிட எளிது, அதற்கு ஜாப் கார்டுகளே பேசும். சட்டம் மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகும், அதற்குத் தயாராக இருங்கள். உத்தரவு வந்தும் அவர்கள் பணம் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறுவோருக்கு 72-ஆவது பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.